மூச்சு முட்டும் எஞ்சின்

பழைய புல்லட் நிற்கும் வீட்டை வாசலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு, அதன்மேல் மடித்துப் போட்ட அட்டைப் பெட்டியோ பழைய சாக்கோ இருக்கும். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னின் மூடி. பெரியப்பா ஓட்டிய 1984-ஆம் வருடத்து வண்டி என்னிடம் வந்தபோது அந்த மூடியும் கூடவே வந்தது. "புல்லட்னா ஒழுகத்தான் செய்யும். ஒழுகலைன்னா உள்ளே ஆயில் இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். புல்லட்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வாசகம் இது. நானும் பல வருடம் இதை நம்பினேன். எந்தக் கசிவையும் ஆராயவிடாமல் என்னைத் தடுத்ததும் இந்த வாசகம்தான்.

கசிவு என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் நம் ஊர்ப் பட்டறைகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். துணியால் ஒரு துடைப்பு. எங்கே ஈரம் தெரிகிறதோ அந்த மூடியைக் கழற்றுவார்கள். பழைய பேக்கிங்கை ஹாக்ஸா பிளேடால் சுரண்டுவார்கள். புதுப் பேக்கிங்கின் இரு பக்கமும் பேஸ்ட்டை விரலால் அப்பி, மூடியை வைத்து, இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரு பிடி என்று இறுக்குவார்கள். பேக்கிங் கைவசம் இல்லாவிட்டால் வெறும் பேஸ்ட். ஒரு காலத்தில் ஷெல்லாக், பிறகு அனபாண்ட், இப்போது சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று பல நிறத்தில் சிலிக்கான் டியூப்கள். அவசரமென்றால் எதையும் கழற்றாமலே வெளியிலிருந்து எம்-சீல்.

இந்த வழக்கத்தை எடுத்த எடுப்பில் பழிப்பது நியாயமில்லை. விடியற்காலையில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படி போயிற்று. எஞ்சினை இறக்கி, எல்லா மூட்டுகளையும் சரிபார்த்து, நான்கு நாள் கழித்து வாருங்கள் என்று அவரிடம் சொல்ல முடியாது. ஒரு டியூப் பேஸ்ட் அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. அதோடு, பேஸ்ட் இந்த எஞ்சினுக்கு அந்நியமான பொருளும் இல்லை. கிராங்க் கேஸ் செங்குத்தாகப் பிளந்த இரண்டு பாதிகளாக வருகிறது. அந்த மூட்டில் காகிதப் பேக்கிங்கே கிடையாது. சமமாகச் சீவிய இரண்டு அலுமினிய முகங்களுக்கு நடுவே மெல்லிய பூச்சு மட்டும்தான். அங்கே பேஸ்ட் பூசாமல் விடுவதுதான் தவறு. ஆகவே பேஸ்ட் நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பயனில்லை. எந்த நோய்க்கு அதை மருந்தாகக் கொடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நோய் என்னவென்று தெரிய எஞ்சினின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இதன் அடிப்படை வடிவம் 1949-இல் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் வந்தது. 1955-இல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டி தயாராகத் தொடங்கியது. 1967-இல் ரெடிச் ஆலையே மூடப்பட்ட பிறகும் அதே எஞ்சின் சென்னையில் பிறந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஒரே உடம்பில் அடங்கிய புது எஞ்சின் 2008-க்குப் பிறகு வந்து இடம்பிடிக்கும்வரை இதுதான் ஓடியது. மெக்கானிக்குகள் வாயில் இன்றும் இதற்குப் பெயர் காஸ்ட் அயர்ன் எஞ்சின்.

அந்தப் பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு. அதன் மேலே உட்காரும் ஹெட்டும் கீழே தாங்கும் கிராங்க் கேஸும் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கடுகளவுக்கும் குறைவாக நகர்ந்து நகர்ந்து நடுவிலுள்ள பேக்கிங்கை அரைக்கின்றன. போதாததற்கு எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி, கிளட்ச் ஓடும் பெட்டி தனி. டாப்பெட் மூடி, டைமிங் கவர், பாயிண்ட் பெட்டி, ராக்கர் மூடிகள், ஆயில் பம்பு மூடிகள், ஹெட்டுக்கு ஆயில் கொண்டுபோகும் வெளிக்குழாயின் போல்ட்டுகள் என்று ஆயில் எட்டிப் பார்க்க வாய்கள் ஏராளம்.

வாய் இருப்பதாலேயே ஆயில் வெளியே வந்துவிடாது. யாராவது தள்ள வேண்டும். பட்டறைப் பேச்சில் அதிகம் அடிபடாத விஷயம் இந்தத் தள்ளுதல்தான். புல்லட் 350-இன் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம். கீழே இறங்கும்போது 346 சி.சி. இடத்தை அடைத்துக்கொண்டு, அவ்வளவு காற்றையும் கிராங்க் கேஸுக்குள் அமுக்குகிறது. இரட்டை சிலிண்டராக இருந்து ஒன்று இறங்கும்போது மற்றது ஏறினால் உள்ளே இருக்கும் காற்று இடம் மாறிக்கொள்ளும். ஒற்றை சிலிண்டரில் அந்த வசதி இல்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது நொடிக்கு ஐம்பது முறை இந்த அமுக்கம் நடக்கிறது. தேய்ந்த ரிங் வழியாக எரிந்த வாயுவும் கீழே இறங்கினால் அமுக்கம் இன்னும் கூடும்.

இதைச் சமாளிக்கத்தான் கிராங்க் கேஸில் ஒரு மூச்சுக் குழாய் வைத்தார்கள். அதன் நுனியில் வாத்து அலகுபோல ஒட்டியிருக்கும் ரப்பர். உள்ளிருந்து காற்று வந்தால் அலகு திறக்கும். பிஸ்டன் மேலே ஏறி உறிஞ்சும்போது மூடிக்கொள்ளும். நல்ல நிலையில் இருந்தால் கிராங்க் கேஸுக்குள் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவாகவே நிற்கும். அப்போது மூட்டுகளில் ஆயில் வெளியே தள்ளப்படுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்படும். சுமாரான பேக்கிங்கூட அந்த நிலையில் காய்ந்து கிடக்கும். ஆனால் ரப்பர் சூட்டிலும் ஆயிலிலும் சில வருடங்களில் விறைத்துப் போகிறது. ஒன்று, திறந்தபடியே நின்றுவிடும். அல்லது பிசினாகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. பிறகு எங்கே இளகின இடம் கிடைக்கிறதோ அங்கே அது வாயைத் திறக்கும்.

என் வண்டியில் நடந்தது அதுதான். முதலில் டாப்பெட் மூடி ஒழுகியது. பேஸ்ட் போட்டு அடைத்தார்கள். பத்து நாளில் டைமிங் கவர். அதையும் அடைத்தார்கள். அடுத்து பாயிண்ட் பெட்டிக்குள் ஆயில் ஏறி, வண்டி நடுவழியில் நின்றது. அதையும் சீல் மாற்றி அடைத்தோம். பிறகு ராக்கர் மூடி. நான்கு கசிவு, நான்கு முறை கூலி. வியாதி ஒன்றே என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை, செய்தவருக்கும் தோன்றவில்லை. அந்த நான்கு மாதத்தில் மூச்சுக் குழாயை ஒருவரும் தொட்டுப் பார்க்கவே இல்லை.

பேஸ்ட்டின் பெரிய கேடு அதற்குப் பிறகு வந்தது. ஒரு நாள் ஹெட்டிலிருந்து வறண்ட சத்தம், டக் டக் என்று. டாப்பெட் இடைவெளி சரியாக இருந்தது. ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயைக் கழற்றினால், போல்ட்டின் துளைக்குள் மிளகளவு சிவப்பு ரப்பர் ஒன்று சிக்கியிருந்தது. விரலால் அப்பிய பேஸ்ட், மூடியை இறுக்கும்போது வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுகிறோம். உள்ளே பிதுங்கியது சூட்டில் இறுகி, பிய்ந்து, ஆயிலோடு பயணம் போகிறது. புல்லட்டில் இது சாதாரண ஆபத்து இல்லை. டைமிங் கவருக்குள்தான் இரண்டு ஆயில் பம்புகளும் இருக்கின்றன. ஆயில் போகும் துளைகள் அந்தப் பேக்கிங்கைக் கடந்துதான் போக வேண்டும். துளையின் ஓரம் தடியாகப் பேஸ்ட் பூசுவது என்பது கனெக்டிங் ராடின் பெரிய முனைக்குப் போகும் ஆயிலை மறிக்கத் துணிவது. அங்கே இருப்பது ஆயில் படலத்தின் மேல் மிதக்கும் புஷ். ஆயில் நின்றால் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும். தரையில் சொட்டிய ஐந்து சொட்டைத் தடுக்கப் போய் முழு கிராங்கையும் பலி கொடுக்கலாமா? என் வண்டி ராக்கரோடு தப்பியது.

அதன்பின் நான் போனது லேத் பட்டறை ஒன்றின் பின்புறம் உட்கார்ந்து புல்லட் மட்டுமே பார்க்கும் வயதான மெக்கானிக்கிடம். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்த பிறகு, முகத்துக்குப் போடும் பவுடரை மேலே தூவினார். "தம்பி, ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. துடைக்காம அப்படியே கொண்டாங்க" என்றார். திரும்பி வந்தபோது வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடுகள். காற்று ஆயிலைப் பின்னாலும் கீழேயும் இழுத்துப் போகும், அதனால் ஈரத்திலேயே உயரமான, முன்பக்கமான புள்ளிதான் ஊற்று என்று விரலை வைத்துக் காட்டினார். டைமிங் கவரின் அடிப்பகுதி ஒழுகுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் டாப்பெட் மூடியின் மேல் விளிம்பிலிருந்து வழிந்த ஒரே கோடு. பிறகு மூச்சுக் குழாயின் ரப்பரைக் கையில் எடுத்தார். உளுந்து வடையின் ஓரம்போல மொறுமொறுவென்று இருந்தது. "இதுக்கு மூச்சு விட வழியில்லைன்னா அது வேற எங்க போகும்?"

ஆயில் அளவு பார்ப்பதிலும் ஒரு தவறு எனக்கு இருந்தது. இந்த எஞ்சினில் ஆயில் தொட்டி கிராங்க் கேஸ் வார்ப்பின் பின்பகுதியிலேயே இருக்கிறது. பம்பு சரியாக உட்காராவிட்டால், பல நாள் நின்ற வண்டியில் தொட்டி ஆயில் மெல்ல கிராங்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் குச்சியை விட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும். நான் ஊற்றுவேன். ஸ்டார்ட் செய்ததும் உள்ளே தேங்கியதெல்லாம் மேலேறி, மிச்சம் மூச்சுக் குழாய் வழியாகக் கொட்டும். நான் அதையும் கசிவு என்று எண்ணினேன். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி அளவு பார்த்தாலே தீர்ந்திருக்கும்.

ரப்பரை மாற்றியதில் பாதிக் கசிவு நின்றது. மீதிக்கு அவர் செய்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்து, 400 நம்பர் வாட்டர் பேப்பரை அதன்மேல் விரித்து, மண்ணெண்ணெய் தெளித்தார். பம்புகளை எடுத்த டைமிங் கவரைக் குப்புற வைத்து, எட்டு எழுதுவதுபோல மெதுவாக நான்கு சுற்று தேய்த்துத் திருப்பிக் காட்டினார். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி மட்டும் வளையம் வளையமாகப் பளபளப்பு. நடுவிலெல்லாம் மங்கல். இறுக்கி இறுக்கித் துளையின் ஓரம் மேலே எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். இடையில் மூடி பேக்கிங்கைத் தொடவே இல்லை. இதன்மேல் இன்னும் ஒரு பிடி இறுக்கினால் ஓரம் இன்னும் எழும்பும், அல்லது அலுமினியத்தில் மரை அறுந்துபோகும். கிளட்ச் கவரிலும் இதே கதைதான். அந்தப் பெரிய மூடியை நடுவில் ஒற்றை நட்டுதான் பிடித்திருக்கிறது. ஒழுகுகிறதென்று அதை இறுக்கினால் மூடி வளைந்து விளிம்பு ரப்பரை விட்டு விலகும். ஒழுகுதலைக் கூட்டுவதே இறுக்குதல்தான். அரை மணி நேரத்தில் முகம் முழுவதும் ஒரே மங்கல் வெள்ளையாக வந்தது. மெல்லிய காகிதப் பேக்கிங்கை ஆயிலில் நனைத்து வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டினார். பேஸ்ட் இல்லை. ஆயில் குழாயின் செப்பு வாஷர்களைக்கூடத் தூக்கிப் போடவில்லை. அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். அடிபட்டு விறைத்த செம்பு மறுபடி மெத்தென்று ஆகி முகத்தோடு ஒட்டும்.

இதைப் பார்த்த மயக்கத்தில் சிலர் எதிர்ப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும், ஒரு மூட்டிலும் பேஸ்ட் படக்கூடாது என்பார்கள். நாற்பது வருடம் அசையாமல் நிற்கும் மூட்டைத் திறப்பது இலவசமான காரியம் இல்லை. ஸ்க்ரூ தலை உடையும், பழைய வார்ப்பு விரிசல் விடும். கடையில் கிடைக்கும் பேக்கிங் செட் எல்லாமும் அசலைப்போல இருப்பதில்லை. பேரல் அடியில் தடிமன் மாறிய பேக்கிங் போட்டால் கம்ப்ரஷனே மாறும். அரித்துக் குழி விழுந்த முகத்தைச் சமமாக்க எவ்வளவு தேய்த்தாலும் போதாது. அங்கே சிலிக்கான் பேஸ்ட்தான் கை கொடுக்கும். ஆனால் அதற்கும் முறை இருக்கிறது. பெட்ரோலில் கழுவி எண்ணெய்ப் பசை துளியும் இல்லாத முகத்தில், நெற்றியில் சந்தனம் இழுப்பதுபோல மெல்லிசாக இழுத்து, காற்றிலுள்ள ஈரத்தில் அது இறுக ஒரு நாள் விட வேண்டும். பூசின சூட்டோடு ஆயில் ஊற்றி ஓட்டிப்போகிற வேலையில் பேஸ்ட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கெட்டியான ஆயிலுக்கு மாறுவதை மட்டும் என்னால் ஆதரிக்க முடியவில்லை. கசிவு மெதுவாகும், ஆனால் குளிர்ந்த எஞ்சினில் அந்த ஆயில் மேலே ராக்கருக்கு ஏறவும் நேரமெடுக்கும்.

பெரியவரின் கணக்கில் ஒரு வரிசை இருந்தது. முதலில் மூச்சு, பிறகு முகம், பிறகு பேக்கிங், எல்லாம் முடிந்தும் மிச்சமிருந்தால் பேஸ்ட். நம் பட்டறை வழக்கம் கடைசியிலிருந்து தொடங்குகிறது. பால்காரருக்காக அதை மன்னிக்கலாம். அவருக்கும் இரண்டாம் முறை வரும்போது அந்த ரப்பரையாவது மாற்றிக் கொடுக்க வேண்டும். பேஸ்ட் டியூபைவிட அது விலை குறைவு. மூட்டில் வழியும் ஆயில் காற்றில் பின்னால் போய் டயரில் ஏறுகிறபோது அது தரைக் கறை விவகாரமாக நிற்பதில்லை.

என் வண்டியில் இப்போது ஒரே இடம் ஈரம் காட்டுகிறது. கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் அடிக்கோட்டில், பழைய காலத்தில் யாரோ உளி வைத்து நெம்பிய தழும்பு. அதற்காக எஞ்சினைப் பிளக்கப் போவதில்லை. ஆயிலை வடித்துவிட்டு, தழும்பைப் பெட்ரோலில் மூன்று முறை கழுவி, ஈர்க்குச்சி நுனியால் கறுப்பு பேஸ்ட்டை அந்தக் கீறலுக்குள் மட்டும் வைத்து, ஒரு ராத்திரி முழுக்க வண்டியைத் தொடாமல் விட்டேன். பிஸ்கட் டின்னின் மூடி இன்னும் கீழேதான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது.