செகிரோவோடு ஒன்பது வாரம்

கெனிச்சிரோ அஷினாவிடம் 63 முறை செத்தேன். 'செகிரோ' வீடியோ ஆட்டத்தில் வரும் பெரிய எதிரி அவன், ஆடுகிறவர்கள் மொழியில் ஒரு 'பாஸ்'. ஆட்டம் இந்தக் கணக்கை வைப்பதில்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே கோடு போட்டு வைத்தேன். பதினோரு மாலைகள், அதே கோட்டை உச்சி, அதே வாள். ஒவ்வொரு முறையும் திரை இருண்டு, மரணத்தைக் குறிக்கும் அந்த ஒற்றைச் சிவப்பு எழுத்து. பதினோராவது மாலை அவன் விழுந்தபோது மணி இரவு பதினொன்றே கால். பெரும்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

'செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்' 2019 மார்ச் 22 அன்று வந்தது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் தயாரிப்பு. அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற பட்டத்தை வாங்கியது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. போர்க்கால ஜப்பான், கை இழந்த ஒரு ஷினோபி (நிஞ்ஜா), அவன் காக்க வேண்டிய சிறுவன் குரோ. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். நான் சென்னை ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் வாங்கி பிஎஸ்4-இல் ஆடினேன்.

கஷ்டமான ஆட்டங்களுக்கு நான் புதியவன் இல்லை. இதே நிறுவனத்தின் 'டார்க் சோல்ஸ்', 'பிளட்போர்ன்' இரண்டையும் முடித்திருக்கிறேன். அவற்றில் எப்போதும் ஒரு பின்வாசல் திறந்திருக்கும். ஒரு பாஸை வீழ்த்த முடியவில்லையா, சின்ன எதிரிகளைக் கொன்று கொன்று லெவலை ஏற்றிக்கொள்ளலாம். ஆன்லைனில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடலாம். செகிரோவில் இந்த வாசல்கள் அடைபட்டிருக்கின்றன. துணை கிடையாது. எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்க மெனுவில் எதுவும் கிடையாது. அடியின் வலிமை பெரும்பாலும் பெரிய பாஸ்களை வென்றால்தான் கூடும். உயிர்ப்பட்டை நீள வேண்டுமென்றால் ஜெபமணிகள் சேர வேண்டும், அவற்றில் பெரும்பாலானவை சின்ன பாஸ்களிடம் இருக்கின்றன. யாரை ஜெயிக்க முடியவில்லையோ அவனை ஜெயித்தால்தான் பலம் வரும். ஆக, வளர வேண்டியது நம் கை ஒன்றுதான்.

அந்தக் கை கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு பட்டன். எதிரியின் வாள் நம்மைத் தொடும் கணத்தில் எல்1-ஐ அழுத்தினால் 'டிஃப்ளெக்ட்'. கணீரென்று ஒரு உலோக ஓசை, ஒரு தீப்பொறி. எதிரியின் போஸ்ச்சர் பட்டை கொஞ்சம் ஏறும். அது நிரம்பினால் அவன் நிலை குலைவான், ஒரே குத்தில் கதை முடியும். பயத்தில் எல்1-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அப்படித் தட்டத் தட்ட, சரியான கணத்தின் அளவை ஆட்டம் சுருக்கிவிடுகிறது. ஓடிப்போய் மூச்சு வாங்கினாலோ எதிரியின் போஸ்ச்சர் தானாக இறங்கிவிடும். அவனுடைய உயிர் குறைந்திருந்தால்தான் அது மெதுவாக இறங்கும். அதனால் அடிக்கவும் வேண்டும், அருகிலேயே நிற்கவும் வேண்டும். இவ்வளவு துல்லியமாக யோசித்துக் கட்டிய சண்டை முறையை நான் வேறு எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

முதல் மூன்று வாரம் இது எனக்குப் புரியவே இல்லை. அதில் பாதிப் பழி என் டிவிக்கு. பிராண்டின் பெயர் வேண்டாம். படத்தை அழகாக்குகிறேன் என்று உள்ளே ஏதேதோ வேலை செய்து, ஒவ்வொரு காட்சியையும் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாகவே காட்டும். சீரியல் பார்க்கிறவருக்கு அது தெரியாது. செகிரோ ஆடுகிறவருக்கு அந்தச் சிறு பங்குதான் உயிர். கடைக்காரர் சொல்லவில்லை, கையேட்டிலும் தெளிவாக இல்லை. செட்டிங்ஸில் நான்கு அடுக்குக்குக் கீழே 'கேம் மோட்' புதைந்து கிடந்தது. அதை ஆன் செய்த அன்றே, அதுவரை பத்துக்கு மூன்று விழுந்த டிஃப்ளெக்ட் ஆறாக ஏறியது. ப்ளூடூத் ஹெட்போனும் அதே குற்றவாளிதான், ஓசை பின்தங்கி வரும். வயர் வைத்த பழைய ஹெட்போனை கன்ட்ரோலரிலேயே செருகிக்கொண்டேன். காதால் ஆட வேண்டிய ஆட்டம் இது.

மீதிப் பாதியைத் தீர்த்துவைத்தவன் எழில் நகர்ப் பையன் ஒருவன். பதினொன்றாம் வகுப்பு. என் தங்கையிடம் கணக்கு டியூஷனுக்கு வருவான், முடிந்ததும் என் பின்னால் உட்கார்ந்து பார்ப்பான். கபடி ஆடுகிறவன். நம் பக்கத்தில் இது புதுசில்லை. பக்கத்துக் கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியோடு கபடித் தங்கம் வாங்கி வந்தார். அதற்கு முன்பும் பின்பும் இந்தக் குடியிருப்புகளின் பிள்ளைகள் மாலையானால் மண்ணில்தான் இருக்கிறார்கள்.

பையன் மூன்று மாலை பேசாமல் பார்த்தான். நான்காம் நாள் சொன்னான்: "அண்ணா, நீங்க பின்னாடி போறதாலதான் அவன் வில்லை எடுக்கறான்." உண்மை. தூரம் போனால் கெனிச்சிரோ அம்பு விடுவான். "அப்புறம் வாளைப் பாக்காதீங்க. வாளைப் பாத்தா லேட் ஆயிடும். ரெய்டு வர்றவன் கை நீட்டறதுக்கு முன்னாடி தோள் சாயும்ல, அதை வச்சுத்தான் நாங்க புடிப்போம். தோளைப் பாருங்க."

கெனிச்சிரோ எகிறிக் குதித்து வெட்டுவான். அதன் பின்னால் ஒரு சிவப்பு எச்சரிக்கை எழுத்து தோன்றும். அடுத்து வருவது நேர்க் குத்தாகவும் இருக்கலாம், காலை வாரும் வீச்சாகவும் இருக்கலாம். எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. குத்து என்றால் வட்டப் பட்டனை அழுத்தி அவனை நோக்கியே அடி வைக்க வேண்டும், அப்போது வாளை மிதித்துவிடலாம். வீச்சு என்றால் குதிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மரணம். நாற்பது சாவுகளை இந்த ஒரு இடத்தில்தான் கொடுத்தேன். எழுத்தை விட்டுத் தோளைப் பார்க்கத் தொடங்கியதும் இரண்டும் வேறு வேறு மனிதர்கள்போலத் தெரிந்தன. குத்துக்குத் தோள் பின்னே இழுபடும். வீச்சுக்கு உடம்பே தாழும். இதை வரைந்து அசைத்த கலைஞர்கள் அந்த இழுப்பை ஒளித்து வைக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அது என் கண் முன்னால் இருந்திருக்கிறது.

கவசம் கழன்ற பிறகு மூன்றாம் சுற்றில் அவன் மின்னலை இறக்குவான். குதித்து, அந்தரத்தில் அதை வாங்கி, கால் தரையைத் தொடும் முன் வாளை வீசினால் மின்னல் அவனுக்கே திரும்பும். அது முதல்முறை நடந்தபோது நானும் பையனும் போட்ட கூச்சலில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

குறைகள் உண்டு, அவற்றை மன்னிக்க எனக்கு மனமில்லை. முதல் குறை கேமரா. சுவரோரம் ஒதுக்கப்பட்டால் கேமரா நம் முதுகுக்குள் புகுந்துவிடும். எதிரி மீதிருந்த லாக் கழன்றுவிடும். கிணற்றடியில் ஒரு வாள்வீரனோடு குறுகிய இடத்தில் மோத வேண்டும். அங்கே நான் செத்ததில் பாதி அவன் திறமையால் இல்லை. இத்தனை கறாராக நேர்மை பேணும் ஆட்டத்தில் இது அநீதி. சில சின்ன பாஸ்களிடம் ஒவ்வொரு முறையும் சுற்றியிருக்கும் சிப்பாய்களைத் தீர்த்துவிட்டுத்தான் போக முடிகிறது. அது கற்றல் இல்லை, வெறும் வேலை.

வேகமும் ஒரு குறை, இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். என் அலுவலக நண்பர் ஒருவருக்குப் பல ஆண்டுக் கீபோர்டு வேலையால் மணிக்கட்டு வலி. இந்தக் கதையும் உலகமும் அவருக்கு உயிர். ஆனால் கை ஒத்துழைக்காது. ஆட்டத்தில் எளிய முறை இல்லாததுபற்றி வெளிவந்த நாள் முதலே உலகம் முழுக்க வாதம் நடந்தது. 2018-இல் வந்த 'செலஸ்ட்' இதற்குக் குறைவில்லாத கடினமான ஆட்டம். அதில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு, அதனால் அதன் பெருமை எள்ளளவும் குறையவில்லை. இங்கேயும் வைத்திருக்கலாம். வைத்திருக்க வேண்டும்.

இதை இயக்கிய ஹிதேதாகா மியாசாகி ஒருகாலத்தில் ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2004-இல், 29 வயதில், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஃப்ரம்சாஃப்ட்வேரில் சேர்ந்தார். தேறாது என்று நிறுவனமே நினைத்த 'டீமன்ஸ் சோல்ஸ்' வேலையைக் கேட்டு வாங்கிச் செய்தார். அலுவலகம் போகும் வழியில் சோழிங்கநல்லூர் சிக்னலில் தினமும் நிற்கும் எனக்கு இந்த விவரம் மிகவும் பிடிக்கும்.

கடைசி பாஸ் இஷின் இன்னும் ஒன்பது மாலைகளை எடுத்துக்கொண்டார். எட்டாம் வாரம் முடித்தேன். 2020 அக்டோபரில் வந்த இலவச அப்டேட்டில், வென்ற பாஸ்களோடு மறுபடி மோதிப் பார்க்கும் வசதி வந்தது. போன சனிக்கிழமை அதில் கெனிச்சிரோவைத் தேடிப் போனேன். இரண்டாம் முயற்சியில் விழுந்தான். அடியின் வலிமையும் கொஞ்சம் கூடியிருந்தது; ஆனால் பெரிதாகக் கூடியது என்னுடைய கவனமும் என்னுடைய விரலும்தான்.

வாங்கலாமா? பொறுமை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். கணினியில் ஆடுகிறவர்கள் ஸ்டீமின் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் பாதி விலைக்குக் கிடைக்கும். முதல் வேலையாக டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். பாழடைந்த கோயிலருகே நிற்கும் ஹன்பெய் சாகாதவன், பயிற்சிக்கென்றே இருக்கிறான். அவனோடு தினம் பத்து நிமிடம் மோதுங்கள். மெனுவைத் திறந்தால் ஆட்டம் அப்படியே நிற்கும், 'டார்க் சோல்ஸில்' அந்த வசதி கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் நிறுத்திவிட்டுப் போங்கள், கெனிச்சிரோ அங்கேயே இருப்பான்.