குதித்தது வீரமா? ஓர் ஆவணப்படக் காட்சியும் நம் மாணவர் விடைகளும்

பிபிசி 2014-இல் வெளியிட்ட ‘லைஃப் ஸ்டோரி’ ஆவணப்படத் தொடரின் முதல் பகுதியில் ஒரு காட்சி வரும். இடம் கிரீன்லாந்து. ஏறத்தாழ 120 மீட்டர் உயரப் பாறையின் மேல் பார்னக்கிள் வாத்து இணை ஒன்று கூடு வைத்திருக்கிறது. குஞ்சுகள் பொரித்து ஓரிரு நாள்தான், பறக்க முடியாது. தாயும் தந்தையும் கீழே போய் நின்று அழைக்கின்றன. குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதித்து, பாறையில் மோதி உருண்டு விழுகின்றன. எல்லாம் பிழைப்பதில்லை.

இதைப் படிவம் நான்கு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி ஒரு பத்தி எழுதச் சொன்னேன். விடைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: தன்னம்பிக்கை, விடாமுயற்சி, ‘துணிந்தவனுக்குத் துக்கமில்லை’. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “அப்போ செத்துப்போன குஞ்சு முயற்சி பண்ணலையா, டீச்சர்?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

படத்தின் நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மரணத்தை அது மறைக்கவில்லை. டேவிட் அட்டன்பரோவின் குரலும் அழுது வடியவில்லை. அவ்வளவு உயரத்தில் ஏன் கூடு என்பதற்கும் காரணம் சொல்கிறது: ஆர்க்டிக் நரி. நரி ஏற முடியாத இடத்தில் முட்டைக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால், அங்கே மேய்வதற்குப் புல் போதாது. காக்கை, குருவி போல இந்த வாத்துகள் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுவதில்லை. குஞ்சு தானே மேய வேண்டும். ஆக, முட்டையைக் காத்த அதே உயரம்தான் குஞ்சுக்கு ஆபத்தாகிறது. உடல் எடை குறைவு, மேலே அடர்ந்த மென்தூவி. விழுந்தும் சில பிழைப்பது இதனால்தான்.

குறை எங்கே? காட்சி மெதுவாக ஓடுகிறது, இசை ஏறுகிறது, நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அதற்குள் ‘ஏன்’ என்பது மனத்தை விட்டு நழுவிவிடுகிறது. குதித்து முடித்தால் பரீட்சையே முடிந்த மாதிரி தோன்றுகிறது. உண்மையில் பாதிக் கதைகூட முடியவில்லை. கீழே நரி காத்திருக்கும். அதற்குத் தப்பிப் புல்லும் நீரும் உள்ள இடத்துக்கு நடக்க வேண்டும். அந்தக் கோடையிலேயே பெற்றோருக்கும் இறகு உதிர்ந்து, சில வாரங்கள் பறக்க முடியாமல் போகும். குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். பிறகு கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் குளிர்காலப் பயணம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வந்திறங்கும் கூட்டத்தில் இளம் பறவைகள் எத்தனை என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். அந்த ஆண்டின் இனப்பெருக்கம் எப்படி என்பதை அந்த எண்ணிக்கைதான் சொல்கிறது.

இங்கே ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். அறிவியலில் ‘இனப்பெருக்க வெற்றி’ என்பார்கள். ‘வெற்றி’ என்றதும் நம் மாணவர் மனத்தில் மாலையும் மேடையும் வந்துவிடுகின்றன. அந்தச் சொல் குறிப்பதோ வெறும் கணக்கு: இத்தனை முட்டையில் இத்தனை குஞ்சு தேறியது. பனி தாமதமாக உருகினாலும் கணக்கு மாறும்; நரி அதிகமானாலும் மாறும். குஞ்சின் துணிச்சல் அதில் ஒரு கட்டமே இல்லை.

ஆகவே, இப்படிப்பட்ட பகுதி கருத்துணர்தலில் வந்தாலும் கட்டுரைக்கு வந்தாலும் மாணவர்கள் மூன்று கேள்வி கேட்டுப் பழகலாம். பகுதியில் உள்ள செய்தி என்ன? அதற்குக் காரணம் என்ன? நானாகச் சேர்த்தது என்ன? ‘குஞ்சு குதித்தது’ செய்தி. ‘மேலே உணவு இல்லாததால்’ காரணம். ‘துணிச்சலோடு’ நாம் சேர்த்தது. சேர்ப்பது குற்றமில்லை, சேர்த்தோம் என்று தெரியாமலே எழுதுவதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவனுக்குப் பதில் சொன்னேன்: “செத்த குஞ்சும் மற்றதைப் போலத்தான் குதிச்சது. அது விழுந்த இடத்துல கல் இருந்துச்சு.” அவன் தன் பத்தியை எடுத்து, ‘தன்னம்பிக்கை’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘பசி’ என்று எழுதினான்.