ஹால்மன் மெமோ: எண் போட்ட இரண்டு கேள்விகள்

அலுவலக எழுத்து பற்றிப் பாடம் எடுப்பவர்கள் அடிக்கடி காட்டும் ஒரு மெமோ உண்டு. அமெரிக்காவில் அணு உலைகளை வடிவமைத்துக் கொடுத்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்துக்குள், 1978 ஆகஸ்ட் 3 அன்று ஹால்மன் என்ற மேலாளர் கராஷ் என்ற இன்னொரு மேலாளருக்கு எழுதியது. சின்ன மெமோதான். "முக்கியமானதை முதலில் சொல்லவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை" என்பதுதான் வழக்கமான விமர்சனம். தப்பில்லை. ஆனால் பத்திகளின் வரிசையை மாற்றினால் சரியாகியிருக்கும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

முதலில் கதை. 1977 செப்டம்பர் 24, ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ் உலை. அழுத்தத்தைக் குறைக்கத் திறக்கும் வால்வு ஒன்று, திறந்தபடியே மாட்டிக்கொண்டது. குளிர்விக்கும் தண்ணீர் அது வழியாக வெளியேறுகிறது. அவசர பம்புகள் தானாகவே ஓடி உள்ளே தண்ணீரைத் தள்ளுகின்றன. அந்தப் பம்புகளை ஆபரேட்டர்கள் நிறுத்திவிட்டார்கள்.

கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் அவர்கள் படித்ததைத்தான் செய்தார்கள். பிரஷரைசர் என்றொரு தொட்டி. அதில் கீழே தண்ணீர், மேலே நீராவி. அது முழுக்கத் தண்ணீரால் நிரம்பிவிடவே கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய பாடம். சிக்கல் என்னவென்றால், ஒழுகும் வால்வு அந்தத் தொட்டியின் உச்சியில்தான் இருக்கிறது. அதனால் உலையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும்போதே தொட்டியின் மட்டம் ஏறும். மட்டம் ஏறுவதைப் பார்த்தவர் பம்பை நிறுத்தத்தான் செய்வார். அன்று உலை 9 சதவீத சக்தியில்தான் ஓடிக்கொண்டிருந்தது, சுமார் 20 நிமிடத்தில் வால்வு விஷயமும் பிடிபட்டுவிட்டது. தப்பித்தார்கள்.

நிறுவனத்துக்குள் இதைப் பற்றி முதலில் எழுதியவர் கெல்லி என்ற பொறியாளர், 1977 நவம்பர் 1. எனக்கு இவரைப் பிடிக்கும். ஆபரேட்டருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அப்படியே எடுத்து அனுப்பும்படி எழுதிக் கொடுத்தார். ஆனால் கடைசியில் உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். கருத்து கேட்டார், கருத்து வந்தது: ஆபரேட்டர்கள் பயிற்சிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள், பம்பை ஓடவிட்டால் தொட்டி நிரம்பிவிடுமே என்று. அடுத்து 1978 பிப்ரவரியில் பெர்ட் டன். இவர் மழுப்பவில்லை. உலை முழுச் சக்தியில் ஓடியிருந்தால் மையப்பகுதி தண்ணீருக்கு வெளியே வந்து எரிபொருள் சேதமாகியிருக்கலாம், உடனே கவனியுங்கள் என்று எழுதினார். தெளிவு போதும் என்றால் இதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. வாடிக்கையாளர் உலைகளுக்குத் தகவல் அனுப்ப வேண்டியது ஹால்மனின் பிரிவு. ஆறு மாதம் கழித்து அவர் எழுதியதுதான் நம்ம மெமோ. தலைப்பு, டன் வைத்த அதே தலைப்பு. முதல் பத்தியில் டன் என்ன பரிந்துரைத்தார் என்று இருக்கிறது, ஏன் பரிந்துரைத்தார் என்று இல்லை. அடுத்து, அப்படிச் செய்தால் தொட்டி நிரம்பிவிடும் என்று எங்கள் பிரிவு கருதுகிறது. பிறகு எண் போட்டு இரண்டு கேள்விகள்: அழுத்தம் திடீரென எகிறிச் சேதமாகுமா? குழாய்களுக்குச் சேதம் வருமா? இந்தக் கேள்விகள் இருப்பதால் உலைகளுக்கு இன்னும் எதுவும் தெரிவிக்கவில்லை. ஆனால், பழைய முறையே தொடர்ந்தால் மையப்பகுதி வெளிப்படக்கூடும் என்று இணைப்புகள் சொல்கின்றன. தீர்த்து வையுங்கள். உதவி வேண்டுமென்றால் இருக்கிறோம்.

எது யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். குழாய் பற்றிய பயம் "நாங்கள் கருதுகிறோம்". உலையே உருகும் ஆபத்து "இணைப்புகள் சொல்கின்றன". தமிழில் எழுதியிருந்தால் அங்கே ஒரு "ஆம்" போட்டிருப்பார்: வெளிப்படக்கூடுமாம். அந்த ஆபத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தேதி கிடையாது, பெயர் சொல்லி இவர் செய்ய வேண்டும் என்பதும் கிடையாது. நம்ம ஊர் ஆபீஸ் மெயிலில் வரும் "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்" இதன் தம்பி.

ஹால்மனின் சந்தேகம் நியாயமானது, அதைக் குறை சொல்லவில்லை. நான் குறையாகப் பார்ப்பது, மெமோவில் இல்லாத ஒரு கேள்வியை: பதில் வரும்வரை உலைகளில் எந்த விதி? யாருக்கும் தெரிவிக்காமல் இருப்பதை அவர் முடிவு எடுக்காத நிலையாக எழுதுகிறார். ஆனால் அந்த நிமிடமும் உலைகள் பழைய விதியில் ஓடிக்கொண்டிருந்தன, அதுவும் ஒரு முடிவுதானே? டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றியதும் நம்ம பட்டியல் சுத்தமாகிவிடும், சர்வரில் ஓடும் கோடு அதேதான். கட்டுப்பாட்டு அறையில் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்து எழுதியிருந்தால் இந்தக் கேள்வி தானாக வந்திருக்கும். கெல்லிக்கு வந்தது. ஹால்மன் எழுதும்போது எதிரே இருந்தது பக்கத்துப் பிரிவு மட்டும்தான்.

1979 மார்ச் 28 அதிகாலை 4 மணி, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட், இரண்டாம் உலை. இதே நிறுவனம் வடிவமைத்தது, 97 சதவீத சக்தி. அதே மாதிரி வால்வு மாட்டிக்கொண்டது, மட்டம் ஏறியது, பம்புகளைக் குறைத்தார்கள். இந்த முறை வால்வு விஷயம் பிடிபட 2 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது. இந்த மெமோக்களில் ஒன்றுகூட அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

விசாரித்த ஆணையத்தின் தலைவர் ஜான் கெமனி. ஆமாம், பேசிக் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். அந்த விசாரணையில் கராஷ், மெமோவில் இருந்தவை வழக்கமான கேள்விகள் என்று நினைத்துத் தனக்குக் கீழே இருப்பவரிடம் கொடுத்ததாகச் சொன்னார். பலர் இதை அலட்சியம் என்கிறார்கள். மெமோவை மறுபடி எடுத்துப் பாருங்கள். எண் போட்டிருப்பது அந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும்தான். கராஷ் அதை எழுதியபடியே படித்திருக்கிறார்.