சதுரகராதி: யாருடைய சொற்கள்?

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்கு நம் ஜெயங்கொண்டம் வட்டாரத்திலிருந்து திருப்பயணம் செல்வோர் பலர். அத்தலத்தோடு பிரிக்க இயலாதவாறு இணைந்த பெயர் வீரமாமுனிவர். அவர் யார் என வினவினால், தேம்பாவணி பாடியவர் என்பர் சிலர். பரமார்த்த குரு கதை எழுதியவர் என்பர் வேறு சிலர். அகராதி தொகுத்தவர் என்று விடை கூறுவோர் அரியர். காவியப் புலவரைக் கொண்டாடும் நாம் சொல் தொகுத்த தொண்டரை மறந்தோம். அத்தொண்டின் பெருமையையும், அதில் நின்றுவிட்ட ஒரு குறையையும் ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

1680இல் இத்தாலியில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி 1710இல் இந்தியா வந்தார். மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்தார். முப்பது வயதுக்கு மேல் தமிழ் கற்கத் தொடங்கியவர் 1726இல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியையும், 1730இல் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தையும் படைத்தார். 1732இல், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், சதுரகராதியை முடித்தார். புகழின் உச்சியில் இருந்த புலவர் பிறர் நூல்களுக்கு வழி திறந்துவிடும் பணிக்கு இறங்கினார் என்பதே எனக்கு வியப்பூட்டுகிறது. காவியத்தில் புலவன் பேசுகிறான்; அகராதியில் அவன் வாய் மூடுகிறான்.

அவருக்கு முன் தமிழில் சொற்பொருள் நூல் இல்லாமலில்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இருந்தன. அவை பாட்டாக இயற்றப்பட்டவை. ஆசிரியரிடம் அமர்ந்து மனனம் செய்தவனுக்கே பயன்பட்டவை. சிதம்பர இரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தது. எனினும் அதுவும் செய்யுள் நூலே. மறைப்பணியாளர் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீச அகராதி 1679இலேயே அச்சேறியிருந்தது. எனவே, ‘அகர வரிசையை முதன்முதல் கண்டவர் வீரமாமுனிவர்’ என்று மேடைகளில் முழங்குவது பொருந்தாது. பொய்யான புகழ் அவருக்குத் தேவையுமில்லை.

அவர் செய்தது வேறு. செய்யுட் கட்டைக் களைந்து, தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் கூறி, தேடுவோர் தாமே தேடிக் காணும்படி அமைத்தார். ஒரு சொல்லின் பல பொருள்களைப் பெயரகராதி தரும். ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பொருளகராதி தரும். முக்குணம், அறுசுவை போன்ற தொகைகளைத் தொகையகராதி விரிக்கும். எதுகைச் சொற்களைத் தொடையகராதி அடுக்கும். நினைவாற்றல் மிக்கவர்க்கே உரியதாயிருந்த சொற்செல்வம் எழுத்தறிந்த எவர்க்கும் உரியதாயிற்று. ஆங்கில உலகம் போற்றும் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தது 1755இல். நம் சதுரகராதி அதற்கு 23 ஆண்டுகள் மூத்தது. ஆயினும் அது முழுமையாக அச்சேறச் சென்னையில் 1824 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனிக் குறைக்கு வருவோம். சதுரகராதியின் சொற்கள் பெரும்பாலும் இலக்கியச் சொற்கள். மக்கள் பேசிய தமிழை முனிவர் அறியாதவரல்லர். அதற்கெனத் தனி இலக்கணமும், தமிழ்–இலத்தீன் அகராதியும் எழுதினார். ஆனால் அவ்விரண்டும் உடன் உழைத்த குருக்களுக்காக இலத்தீனில் விளக்கப்பட்டவை. விளைவு யாது? உழவரின் சொல், உழவரால் படிக்க முடியாத மொழியில் பொருள் பெற்றது. செந்தமிழ் புலவர் பக்கமும் பேச்சுத்தமிழ் குருக்கள் பக்கமுமாகப் பிரிந்து நின்றன. அக்காலத் தேவை அத்தகையது என்பதை மறுக்கவில்லை. இரண்டையும் ஒரே நூலில் தருவதாகத் தலைப்பிலேயே அறிவித்த வின்சுலோவின் பேரகராதி 1862இல்தான் வந்தது. அதுவும் ஆங்கிலத்திலேயே பொருள் கூறியது.

அப்பிளவு உண்மையில் அத்துணை ஆழமானதா? நம் பகுதியில் முந்திரி விளையும் மேட்டு நிலத்தைக் ‘கொல்லை’ என்கிறோம். அது சங்கச் செய்யுளில் முல்லை நிலத்துக்கு வழங்கிய சொல். பள்ளி காணாத முதியவர் நாவில் அது இன்றும் உயிரோடிருக்கிறது.

இது குருவாகிய எனக்கும் ஒரு தேர்வு. மறையுரையில் ‘மீட்பு’ என்று பலமுறை சொல்கிறேன். கேட்போர் முகத்தில் சலனமில்லை. ஆனால் அறுவடை முடிந்ததும் அடகு வைத்த தோட்டை ‘மீட்டுவிட்டேன்’ என்று ஒரு தாய் சொல்லும்போது, அந்தச் சொல்லில் எத்தனை மாதத்துக் கவலையும் மகிழ்ச்சியும் அடங்கியிருக்கின்றன! விலை கொடுத்து, தன் பொருளைத் தன்னிடமே திரும்பப் பெறுதல் என்ற திருச்சபையின் போதனை அவர் வாயிலிருந்தே வருகிறது. அச்சொல் என் ஏட்டில் ஒன்றாகவும் அவர் வீட்டில் வேறாகவும் கிடப்பது யார் குற்றம்?

அயல்நாட்டில் பிறந்த துறவி ஒருவர் நம் புலவர்களின் சொற்களைக் கேட்டறிந்து, வரிசைப்படுத்தி, நமக்கே திருப்பித் தந்தார். அவர் விட்டுச் சென்ற மீதிப் பணி நம்முடையது. அடுத்தமுறை ஏலாக்குறிச்சியில் மெழுகுதிரி ஏற்றுகையில், வீட்டு முதியவர் வழங்கும் ஒரு சொல்லையாவது கேட்டு எழுதி வைப்பதாக நேர்ந்துகொள்வோமா? காவியம் பாட எல்லாராலும் இயலாது. செவிசாய்த்துக் கேட்க எல்லாராலும் இயலும்.