ஜுருவிலிருந்து மிண்டனுக்குக் கார் இல்லாமல்

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்துக்குள் தங்கிப் படிப்பவருக்குக் கார் தேவையில்லை. 1969இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் படையினர் முகாமிட்டிருந்த கெலுகோர் குன்றுக்கு 1971இல் குடிவந்தது. விடுதி, விரிவுரைக்கூடம், நூலகம், உணவகம் எல்லாம் நடை தூரத்தில், இல்லாவிட்டால் வளாகப் பேருந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மேடேறும்போது வெயில் வாட்டும். திடீர் மழையில் புத்தகப்பை நனையும். ஆனால் மாதத் தவணை, பெட்ரோல், பார்க்கிங் என்ற கவலை எதுவும் இல்லை. சம்பாதிக்கத் தொடங்காத வயதில் இது பெரிய விடுதலை. இந்தப் பழக்கத்தை நான் மனமார ஆதரிக்கிறேன்.

ஆனால் இந்த வசதி வளாகத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. விடுதியில் இடம் கிடைக்காமல் ஜுருவிலுள்ள வீட்டிலிருந்து தினமும் வந்துபோகும் மாணவருக்கு இது வேறு கதை.

ஜுரு பெருநிலத்தில், பிறைக்குத் தெற்கே இருக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலம் தீவில் இறங்கும் இடமே கெலுகோர்தான். பல்கலைக்கழகம் அதற்கு வெகு அருகில். கார் வைத்திருப்பவர் பாலத்தில் ஏறி நேராக வந்துவிடுவார். பேருந்தையும் படகையும் நம்புகிறவரோ முதலில் வடக்கே பட்டர்வொர்த்துக்குப் போய், ஃபெரி ஏறி, ஜார்ஜ்டவுன் ஜெட்டியில் இறங்கி, இன்னொரு பேருந்தில் மறுபடியும் தெற்கே வர வேண்டும். 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் வந்தபின் கடல் கடப்பதில் குறையில்லை. நேரம் கரைவது ஒவ்வொரு நிறுத்தத்திலும் காத்திருப்பதில்தான். காலை எட்டு மணி வகுப்புக்கு இப்படி வருகிறவர் இருட்டிலேயே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

அதனால்தான் பிள்ளைகள் கப்சாயில் ஏறுகிறார்கள். பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கட்டணம் 2019 ஜனவரி 1 முதல் இல்லை. தீவுக்குப் போகும் காருக்கு 5 வெள்ளி 74 காசு. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு அந்தச் சலுகை உண்மையான உதவி. ஆனால் மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கடற்காற்றிலும் மழையிலும், லாரிகள் விரையும் பாலத்தில், ஆய்வுக்கூடம் முடிந்து இரவில் திரும்பும் மகளுக்காக வாசலில் நிற்கும் தாயிடம் இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஒரே தாமானைச் சேர்ந்தவர்கள் ஒரு காரில் சேர்ந்து போகலாமே என்பார்கள். ஆளுக்கொரு கால அட்டவணை என்றானபின் அது நிலைப்பதில்லை. தினமும் கிரேப் பிடிப்பது மாணவருக்குக் கட்டுப்படியாகாது.

வழி இல்லாமல் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளைப் பாருங்கள். பெருநிலத்துத் தாமான்களின் வாசலிலேயே தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அவற்றின் பேருந்துகள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பாலம் கடக்கின்றன. யார் எங்கிருந்து வருகிறார், எத்தனை மணிக்கு வேலை என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அதனால் வண்டி ஓடுகிறது. வகுப்பு நேரமும் மாணவரின் முகவரியும் பல்கலைக்கழகத்தின் கையிலும் இருக்கின்றன. தொழிலாளிக்குச் செய்ய முடிந்ததை மாணவருக்கு ஏன் செய்யக் கூடாது?

முத்தியாரா எல்.ஆர்.டி. வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 2031இல் முடிக்கத் திட்டமிட்டுள்ள அந்தப் பாதை கடல் கடந்து பட்டர்வொர்த்துக்குத்தான் போகிறது, ஜுருவைத் தொடவில்லை. இன்று முதலாண்டில் இருப்பவர் அதற்குள் பட்டம் வாங்கி வெளியேறியிருப்பார்.

எனவே மாநில அரசும் பல்கலைக்கழகமும் கலந்து பேசி, அடுத்த கல்வியாண்டிலேயே ஜுரு ஆட்டோ சிட்டியிலிருந்து பாலம் வழியாக வளாகத்துக்கு நேர்ப் பேருந்து விட வேண்டும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒன்று, ஆய்வுக்கூடம் முடிந்து திரும்புவோருக்கு இரவில் ஒன்று. தொடக்கத்துக்கு இந்த மூன்று நடை போதும்.