கால்வின் ஜான்சன்: ஒன்பது ஆண்டு ஆட்டத்தின் மதிப்பீடு

கால்வின் ஜான்சன் (பிறப்பு: செப்டம்பர் 29, 1985) அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர். என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் காற்பந்து லீகில் டெட்ராயிட் லயன்ஸ் அணிக்காக மட்டும் 2007 முதல் 2015 வரை ஒன்பது பருவங்கள் ஆடினார். 'மெகாட்ரான்' என்பது அவருடைய பட்டப்பெயர். ஒரே பருவத்தில் 1,964 யார்டு தூரத்துக்குப் பந்தைப் பிடித்துச் சேர்த்தது அவருடைய புகழ்பெற்ற சாதனை. முப்பது வயதில், நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே ஓய்வு பெற்றார். 2021இல் ஹால் ஆஃப் ஃபேம் எனப்படும் புகழ் மண்டபத்துக்கு, தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தத் தேர்வை ஏற்காதவர்களும் உண்டு. குறுகிய காலமே ஆடியவர், ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில்கூட வெல்லாத அணியில் இருந்தவர், டச் டவுன் எண்ணிக்கையில் பின்தங்கியவர் என்பவை அவர்களின் வாதங்கள். இந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து ஜான்சனின் இடத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ரிசீவரின் வேலை

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது அரிது. பெரும்பாலும் கையில்தான் ஆட்டம். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். மைதானத்தின் ஓரங்களிலிருந்து ஓடிச் சென்று அதைப் பிடிப்பவர் வைடு ரிசீவர். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்தால் அது டச் டவுன். அதற்கு 6 புள்ளிகள். ரிசீவரை மதிப்பிட வழக்கமாக மூன்று கணக்குகள் பார்க்கப்படும்: எத்தனை முறை பிடித்தார், மொத்தம் எத்தனை யார்டு சேர்த்தார், எத்தனை டச் டவுன் போட்டார்.

இம்மூன்றும் ரிசீவர் ஒருவரின் கையில் மட்டும் இல்லை. எறிபவர் சரியாக எறிய வேண்டும். எறிபவரைக் காக்கும் வரிசை உடையாமல் நிற்க வேண்டும். எதிரணியின் கவனத்தைப் பிரிக்க வேறு நல்ல ஆட்டக்காரர்களும் இருக்க வேண்டும். ஜான்சனைப் பற்றிய விவாதத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

தோற்ற அணியில் ஒரு வீரர்

ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஆடிய ஜான்சனை 2007ஆம் ஆண்டுத் தேர்வில் இரண்டாவது ஆளாக லயன்ஸ் எடுத்தது. உயரம் 6 அடி 5 அங்குலம்; எடை ஏறத்தாழ 235 பவுண்டு. அவ்வளவு பெரிய உடம்புள்ளவர் சிறிய ஆட்டக்காரரின் வேகத்தில் ஓடினார். எதிரிகளுக்கு அதுதான் சிக்கலாக இருந்தது. உயரமான தடுப்பாளரை நிறுத்தினால் வேகத்தில் தாண்டிவிடுவார். வேகமானவரை நிறுத்தினால் தலைக்கு மேலே பந்தைப் பிடித்துவிடுவார்.

2008ஆம் ஆண்டில் லயன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றது. பதினாறு ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் எல்லாவற்றையும் தோற்ற முதல் அணி அதுவே. அந்த ஆண்டு ஜான் கிட்னா, டேன் ஒர்லோவ்ஸ்கி, டான்ட் கல்பெப்பர் என மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி ஆட்டங்களைத் தொடங்கினர். அப்படிப்பட்ட அணியில் ஜான்சன் 78 பந்துகளைப் பிடித்து 1,331 யார்டும் 12 டச் டவுனும் எடுத்தார். டச் டவுன் ரிசீவர்கள் வரிசையில் லீக் முழுவதிலும் அதைவிட அதிகம் எடுத்தவர் அந்த ஆண்டு யாரும் இல்லை. 23 வயது இளைஞர், எறிபவர் யார் என்றே உறுதியில்லாத நிலையில் எடுத்த எண்கள் இவை.

2009இல் மேத்யூ ஸ்டாஃபோர்டு குவார்ட்டர்பேக்காக வந்தார். 2011இல் அவர் முழுப் பருவமும் காயமின்றி ஆடியபோது ஜான்சன் 1,681 யார்டும் 16 டச் டவுனும் எடுத்தார். அந்த ஆண்டு டல்லாஸ் அணிக்கு எதிராக 24 புள்ளிகள் பின்தங்கியிருந்த லயன்ஸ் மீண்டு வந்து 34-30 என வென்றது. அந்த ஆட்டத்தில் மூன்று தடுப்பாளர்கள் சூழ்ந்து நிற்க, அவர்களுக்கு மேலே எழும்பி ஜான்சன் பிடித்த டச் டவுன், அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதற்கு நல்ல சான்று. மூவர் சூழ்ந்த ஒருவரிடம் பந்தை எறிவது பொதுவாகப் பிழை. ஜான்சன் இருக்கும்போது அது ஒரு திட்டமாகவே ஆனது.

1,964 யார்டு

ஒரே பருவத்தில் அதிக யார்டு எடுத்த ரிசீவர் என்ற சாதனை 1995 முதல் ஜெர்ரி ரைஸிடம் இருந்தது. அவர் எடுத்தது 1,848. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று, அட்லாண்டா அணிக்கு எதிராக 225 யார்டு எடுத்து ஜான்சன் அதைத் தாண்டினார். பருவம் முடிந்தபோது 122 பிடிப்புகளில் 1,964 யார்டு. சாதனை நாளன்று லயன்ஸ் தோற்றது. அந்தப் பருவத்தில் அணியின் கணக்கு 4 வெற்றி, 12 தோல்வி.

இங்கே எழும் மறுப்பு நியாயமானது. பின்தங்கிய அணி நேரத்தை மிச்சப்படுத்தப் பந்தை எறிந்துகொண்டே இருக்கும். அந்த ஆண்டு ஸ்டாஃபோர்டு 727 முறை எறிந்தார். அதுவும் அப்போதைய லீக் சாதனை. அதிகம் எறியும் அணியில் ரிசீவரின் கணக்கு ஏறத்தானே செய்யும்? மேலும், அத்தனை யார்டு எடுத்தும் டச் டவுன் 5 மட்டுமே.

இதற்கு விடை காண உதவும் ஓர் ஒப்பீடு பின்னாளில் கிடைத்தது. 2021இல் ஸ்டாஃபோர்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குப் போனார். அங்கே கூப்பர் கப் என்ற ரிசீவர் 145 பிடிப்புகளில் 1,947 யார்டு எடுத்து ஜான்சனின் சாதனையை நெருங்கினார். எறிந்த கை ஒன்றே. ஆனால் கப்புக்கு 17 ஆட்டங்கள் கிடைத்தன. ஜான்சனுக்குக் கிடைத்தவை 16. கப் ஒரு பிடிப்புக்கு எடுத்தது சராசரி 13.4 யார்டு, ஜான்சன் எடுத்தது 16.1. குறைந்த ஆட்டங்களில், குறைந்த பிடிப்புகளில், அதிக தூரம். எறிதல்களின் எண்ணிக்கை ஜான்சனுக்கு உதவியது உண்மை. ஆனால் சாதனையை அது மட்டுமே விளக்கிவிடாது. மறுபுறம், கப் அதே ஆண்டில் 16 டச் டவுன் எடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2012இன் ஜான்சனிடம் இல்லாதது அதுதான்.

அடுத்த ஆண்டு, 2013 அக்டோபர் 27 அன்று, டல்லாஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14 பிடிப்புகளில் 329 யார்டு எடுத்தார். 1989இல் ஃபிளிப்பர் ஆண்டர்சன் எடுத்த 336 யார்டு மட்டுமே இதைவிட அதிகம். ஆனால் அந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. வழக்கமான நேரத்துக்குள் ஜான்சனுடையதே உயர்ந்த எண்ணிக்கை. அந்த ஆட்டத்தில் லயன்ஸ் ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

ரைஸுடன் ஓர் ஒப்பீடு

ரிசீவர்களில் தலைசிறந்தவர் என்று பெரும்பாலோர் ஏற்பது ஜெர்ரி ரைஸை. அவர் 20 பருவங்கள் ஆடி 22,895 யார்டு எடுத்தார். ஜான்சனின் மொத்தம் 11,619. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே எழாது. எனவே இருவரின் முதல் ஒன்பது பருவங்களை மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

ரைஸ் (1985–1993): 708 பிடிப்பு, 11,776 யார்டு, 118 டச் டவுன்.
ஜான்சன் (2007–2015): 731 பிடிப்பு, 11,619 யார்டு, 83 டச் டவுன்.

பிடிப்பிலும் யார்டிலும் இருவரும் ஏறக்குறைய சமம். டச் டவுனில் ரைஸ் 35 கூடுதல். இது சிறிய வேறுபாடு அன்று. ரைஸுக்கு எறிந்தவர்கள் ஜோ மான்டானாவும் ஸ்டீவ் யங்கும். இருவரும் புகழ் மண்டபத்தில் உள்ளவர்கள். அந்த ஒன்பது ஆண்டுகளில் ரைஸின் அணி இரண்டு முறை சூப்பர் பவுல் வென்றது. ஜான்சனின் ஒன்பது ஆண்டுகளில் லயன்ஸ் வென்றது 54, தோற்றது 90. மேலும், ரைஸின் காலத்தைவிட ஜான்சனின் காலத்தில் லீகில் பந்து எறிதல் கூடியிருந்தது என்பதும் உண்மை. சாதகங்களும் பாதகங்களும் இரு பக்கமும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் ஆண்டிலிருந்து ரைஸ் மேலும் 11,119 யார்டு எடுத்தார். அதாவது ஜான்சனின் முழு ஆட்ட வாழ்க்கைக்கு ஏறத்தாழச் சமமான இன்னொரு வாழ்க்கையை அவர் ஆடி முடித்தார். அந்த உழைப்பையும் நீடிப்பையும் குறைத்து மதிப்பிட முடியாது. மொத்தத்தில் ரைஸே முதல்வர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ஜான்சன் நிறுத்திய இடம் வரை அவர் ரைஸுக்குப் பக்கத்தில் நடந்தார். அதுவும் மிக மோசமான துணையுடன்.

பிடித்தும் பிடிக்காத பந்து

ஜான்சனின் பெயர் புள்ளிவிவரங்களுக்கு வெளியே ஒரு விதியோடும் ஒட்டிக்கொண்டது. 2010 செப்டம்பர் 12 அன்று சிகாகோவில், ஆட்டம் முடிய அரை நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, ஜான்சன் எல்லைப் பகுதிக்குள் எழும்பிப் பந்தைப் பிடித்தார்; கால்கள் ஊன்றின; கீழே விழுந்தார்; எழும்போது கையிலிருந்த பந்து தரையில் பட்டு விலகியது. விழுந்து முடியும்வரை பந்தைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியின்படி அது பிடிப்பே அன்று என நடுவர்கள் தீர்ப்பளித்தனர். லயன்ஸ் 19-14 எனத் தோற்றது. அன்று முதல் அந்த விதியை 'கால்வின் ஜான்சன் விதி' என்றே மக்கள் அழைத்தனர்.

கண்ணுக்குப் பிடிப்பாகத் தெரிவது சட்டப்படி பிடிப்பாகவில்லை என்ற இந்த முரண், 2015 ஜனவரியில் டல்லாஸின் டெஸ் பிரையன்ட் பிடித்த பந்திலும் திரும்ப நிகழ்ந்தது. இறுதியில் 2018இல் லீக் விதியை மாற்றி எளிமையாக்கியது. மாற்றம் வந்தபோது ஜான்சன் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு விதியின் குறையை ஊரறியச் செய்த ஆட்டக்காரர் என்ற வகையிலும் அவருக்கு வரலாற்றில் இடம் உண்டு.

பிளே-ஆஃப் வெற்றி இல்லாமை

ஜான்சன் ஆடிய பிளே-ஆஃப் ஆட்டங்கள் இரண்டே. 2012 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸிடம் 45-28 எனத் தோல்வி. 2015 ஜனவரியில் டல்லாஸிடம் 24-20 எனத் தோல்வி. முதல் ஆட்டத்தில் ஜான்சன் 12 பிடிப்புகளில் 211 யார்டும் 2 டச் டவுனும் எடுத்தார். 45 புள்ளிகள் விட்டுக்கொடுத்தது தற்காப்பு அணி. ரிசீவர் அந்த நேரத்தில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர். அணி தோற்றதை அவர் கணக்கில் எழுதுவது பொருந்தாது. லயன்ஸில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியும் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட வெல்லாத ஸ்டாஃபோர்டு, ராம்ஸ் அணிக்குப் போன முதல் ஆண்டிலேயே சூப்பர் பவுல் வென்றார். குறை எங்கே இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

முப்பதில் ஓய்வு

2016 மார்ச் 8 அன்று ஜான்சன் ஓய்வை அறிவித்தார். முந்தைய பருவத்தில் அவர் எடுத்தது 88 பிடிப்பு, 1,214 யார்டு, 9 டச் டவுன். ஆட்டம் கைவிட்டுப் போனவரின் எண்கள் அல்ல இவை. ஆனால் உடம்பு வேறு கணக்கை வைத்திருந்தது. விரல், முழங்கால் இரண்டிலும் அறுவைச் சிகிச்சை; 2014இல் கணுக்கால் காயம். உயரமாக எழும்பிப் பிடிப்பவர் ஒவ்வொரு முறையும் உயரத்திலிருந்து விழவும் வேண்டும்.

அவருக்கு முன் இதே அணியில் பேரி சாண்டர்ஸ் 1999இல் பத்து பருவங்களோடு எதிர்பாராமல் விலகியிருந்தார். இருவர் விஷயத்திலும் ஒப்பந்தத்தின்போது கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை லயன்ஸ் நிர்வாகம் திரும்பப் பெற்றது. அதனால் ஜான்சனுக்கும் அணிக்கும் இடையே பல ஆண்டுகள் மனக்கசப்பு நீடித்தது. 2024இல் அணியின் மதிப்புக்குரியோர் வரிசையில் மைதானத்திலேயே அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

குறுகிய காலம் ஆடியவர்களை மதிப்பதில் புகழ் மண்டபம் ஒரே சீராக நடந்துகொண்டதில்லை. கேல் சேயர்ஸ் 68 ஆட்டங்களே ஆடியவர். 1977இல் அவரைச் சேர்த்தார்கள். கழுத்துக் காயத்தால் ஏழு பருவங்களோடு நின்ற ரிசீவர் ஸ்டெர்லிங் ஷார்ப் 2025 வரை காத்திருக்க நேர்ந்தது. ஷார்ப்பைக் காயம் நிறுத்தியது. ஜான்சன் தாமே நிறுத்திக்கொண்டார். தாமாக விலகியவரை முதல் ஆண்டிலேயே ஏற்றதன் மூலம், நொறுங்கும்வரை ஆடுவதுதான் கடமை என்ற எண்ணத்தைத் தேர்வுக் குழு ஏற்கவில்லை எனக் கொள்ளலாம்.

மதிப்பீடு

ஜான்சன் ரைஸைவிடப் பெரியவர் அல்லர். டச் டவுன் குறைவு என்ற விமர்சனமும் ஓரளவு நிற்கிறது. ஆனால் ஆண்டுகளை எண்ணுவது ஒருவர் எவ்வளவு காலம் ஆடினார் என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதைச் சொல்லாது. நாற்பது ஆண்டு பணி செய்தவரும் பத்து ஆண்டு பணி செய்தவரும் ஒரே வகுப்பறையில் ஒப்பிடப்படும்போது, பார்க்க வேண்டியது பாடம் நடந்த விதத்தை.

அந்த அளவுகோலில் 2011 முதல் 2013 வரையிலான மூன்று பருவங்களில் 5,137 யார்டு எடுத்த ஜான்சன், ரிசீவர்களின் முதல் வரிசையில் நிற்கிறார். தோற்ற அணியில் இருந்தும் தம் வேலையில் குறை வைக்காதவர். உடம்பு சொன்னதைக் காலம் கடக்கும் முன் கேட்டவர். இளம் ஆட்டக்காரர்கள் அவரிடம் கற்க வேண்டியவற்றில் பந்தைப் பிடிக்கும் முறை ஒன்று. எப்போது விட வேண்டும் என்பது மற்றொன்று.