உதையா, அதிர்வா? டோக்கியோ மருயியின் பின்னுதை மின்துப்பாக்கி

ஏர்சாஃப்ட் துப்பாக்கி 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டைக் காற்றழுத்தத்தால் எறிவது. சாதாரண மக்கள் உண்மைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஏறக்குறைய வழியே இல்லாத ஜப்பானில் இது ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வாயு உருளையையும் குழாயையும் சுமந்து திரிய வேண்டும். 1991-இல் டோக்கியோ மருயி நிறுவனம் ஃபமாஸ் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கியின் வடிவில் மின்சார ஏர்சாஃப்டை வெளியிட்டதும் இந்தச் சிரமம் போயிற்று. பேட்டரியைச் செருகி டிரிகரை அழுத்தினால் போதும், குண்டு பாயும். ஆனால் அழுத்தும்போது தையல் இயந்திரம் ஓடுவது போன்ற ஓசை மட்டும் கேட்கும். தோளில் எதுவும் தெரியாது. பார்வைக்கு அசலாக இருந்த துப்பாக்கி சுடும்போது உயிரற்றுக் கிடந்தது. அந்தக் குறையைப் போக்கத்தான் 2007-இல் ஏகே-74 வடிவில் பின்னுதை உள்ள மின்துப்பாக்கியை ‘அடுத்த தலைமுறை’ என்ற பெயரில் அதே நிறுவனம் கொண்டுவந்தது. அந்த வரிசையில் பின்னர் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது சாப்மாட் எம்4. அமெரிக்கப் படையின் எம்4 துப்பாக்கியைப் பின்பற்றிய அந்த வடிவமே இங்கே முதன்மையாக மதிப்பிடப்படுகிறது.

எல்லா மின்சார ஏர்சாஃப்டுகளுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கடைசிச் சக்கரத்தின் பற்கள் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அழுத்துகின்றன. அந்தச் சக்கரத்தில் பாதிச் சுற்றுக்குத்தான் பற்கள் உண்டு. பற்கள் தீர்ந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாய, சிலிண்டருக்குள் அமுங்கிய காற்று குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. மருயியின் பின்னுதை வடிவத்தில் இந்த ஓட்டத்தோடு ஒரு உலோக எடையும் பிணைக்கப்பட்டிருக்கிறது. எம்4 வகையில் அந்த எடை தோளில் பதியும் கட்டையின் நடுக்குழாய்க்குள் இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அது குழாய்க்குள் ஓடி முட்டி நிற்கிறது. அந்த முட்டல்தான் தோளுக்கு எட்டுகிறது. பக்கவாட்டில் தெரியும் போல்ட்டும் கூடவே முன்னும் பின்னும் அசைவதால், கண்ணும் தோளும் ஒரே செய்தியைப் பெறுகின்றன.

இதைப் பின்னுதை என்று சொல்வது எவ்வளவு சரி என்பதைக் கணக்கே காட்டும். எம்4 துப்பாக்கியின் தோட்டா ஏறக்குறைய 4 கிராம். அது நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது தோட்டாவின் உந்தம் மட்டுமே 3.6 கிலோகிராம்-மீட்டர்/நொடி, பின்தொடரும் வெடிவாயுவின் பங்கு இதற்கு மேல். ஏர்சாஃப்டின் 0.2 கிராம் குண்டு நொடிக்கு 99 மீட்டருக்குக் கீழேதான் பறக்கிறது. அதன் உந்தம் 0.02-ஐத் தாண்டுவதில்லை. இரண்டுக்கும் இடையே 180 மடங்கு வேறுபாடு. குழாய்க்குள் ஓடும் எடை இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. காரணம், அந்த எடை துப்பாக்கியை விட்டு வெளியே போவதே இல்லை. எடை ஒரு பக்கம் உந்தப்படும்போது துப்பாக்கியின் உடல் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. எடை முட்டி நிற்கும்போது அந்தத் தள்ளல் ஈடாகிவிடுகிறது. முழுச் சுற்றையும் கூட்டினால், குண்டு தரும் அந்த அற்ப உதையைத் தவிர நிகரமாக எதுவும் மிஞ்சாது. உண்மைத் துப்பாக்கியில் தோள் தாங்குவது ஒரே திசையில் வரும் தள்ளல். இங்கே கிடைப்பது இரு திசையிலும் போய்வரும் குலுக்கல்.

இதனால் ஒரு முக்கியமான வேறுபாடு பிறக்கிறது. உண்மைத் துப்பாக்கியில் பின்னுதை தோளின் தாங்குபுள்ளிக்கு மேலாகச் செயல்படுவதால் குழல்முனை மேலே எழும்பும். தொடர்ந்து சுடும்போது அதை அடக்கி வைப்பதுதான் சுடுபவரின் திறமை. மருயியின் எடை கட்டையின் நேர்கோட்டிலேயே ஓடுகிறது. சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியைப் பொருத்திச் சுட்டால் புள்ளி அதே இடத்தில் நடுங்குமே தவிர மேலே ஏறுவதில்லை. ஆகவே பின்னுதையை அடக்கிப் பழக இந்தத் துப்பாக்கி உதவும் என்று யாராவது சொன்னால் அது தவறு. இது கற்றுத்தருவது அடக்கும் வலிமையை அல்ல, குலுக்கலுக்கு நடுவிலும் குறியிலிருந்து கண்ணை எடுக்காமலிருக்கும் பொறுமையை. அதுவும் பயனுள்ளதே, ஆனால் வேறொரு பயன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், களத்தில் அந்தக் குலுக்கல் தரும் நிறைவு பொய்யில்லை. ஒவ்வொரு குண்டும் தனித்தனியாக உணரப்படுவதால் சுடுபவர் விட்டுவிட்டுச் சுடுகிறார். குலுக்கல் இல்லாத மின்துப்பாக்கியில் டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டு குண்டு மழை பொழிவதில் எந்தத் தடையும் இல்லை. இதில் உடலே தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த வரிசையின் மிகப் பெரிய சாதனை பின்னுதை அல்ல, சாப்மாட் எம்4-இல் அதோடு சேர்ந்து வந்த தானியங்கி நிறுத்தம். வழக்கமான மின்துப்பாக்கி, மேகசினில் குண்டு தீர்ந்த பிறகும் வெற்றாக ஓடிக்கொண்டேயிருக்கும். பலர் பயன்படுத்தும் 300 குண்டு மேகசினுக்கு அடியில் ஒரு சக்கரம் உண்டு. அதை அவ்வப்போது விரலால் சுற்றித் திருக வேண்டும். ஓடும்போது குண்டுகள் உள்ளே கலகலவென்று குலுங்கி மறைந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்கும். சாப்மாட் எம்4-இன் மேகசினில் 82 குண்டுகள். கடைசிக் குண்டு போனதும் மோட்டார் நின்றுவிடும். டிரிகரை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மேகசினைக் கழற்றி, இடுப்புப் பையிலிருந்து புதியதை எடுத்துச் செருகி, இடப்பக்கத்திலுள்ள போல்ட் விடுவிப்புப் பொத்தானை இடக்கைக் கட்டைவிரலால் தட்டினால்தான் துப்பாக்கி மீண்டும் உயிர்பெறும். இந்தச் செயல்முறை உண்மை எம்4-இல் நடப்பதற்கு மிக நெருக்கமானது. எதிராளி நெருங்கி வரும் வேளையில் குண்டு தீர்ந்துபோனால் மறைவிடம் தேடவும், தோழரைக் காப்புக்கு அழைக்கவும், பதறாமல் மேகசின் மாற்றவும் ஆட்டக்காரர் பழகிக்கொள்கிறார். தோளில் படும் முட்டலைவிட இந்த நிறுத்தமே ஆட்டத்தின் தன்மையை மாற்றுகிறது. இந்த வரிசைக்கு 430 குண்டு மேகசினையும் மருயி விற்பது வருத்தத்துக்குரியது. அதைச் செருகும்போது நிறுத்தம் கற்றுத்தரும் ஒழுங்கெல்லாம் வீணாகிறது.

சுடும் திறனைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. 2006-இல் ஜப்பான் தன் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தி, 6 மில்லிமீட்டர் குண்டின் ஆற்றலுக்கு 0.98 ஜூல் என்ற எல்லையை வகுத்தது. மேலே சொன்ன 99 மீட்டர் வேகம் இந்த எல்லையிலிருந்துதான் வருகிறது. மருயி அதற்குள் அடங்கியே துப்பாக்கியைச் செய்கிறது. குழலின் பின்முனையிலுள்ள ரப்பர் குண்டின் மேற்பகுதியை உரசிப் பின்சுழற்சி தருவதால், குண்டு காற்றில் தூக்கப்பட்டு நெடுந்தூரம் தட்டையாகப் பறக்கிறது. இந்த ரப்பரையும் குழலையும் பிழையில்லாமல் செய்வதில் மருயிக்கு உள்ள நற்பெயர் நியாயமானது. ஆற்றல் குறைவென்று குறைப்படுவோர் பெரும்பாலும் ஜப்பானுக்கு வெளியே ஆடுபவர்கள். தானாகத் தொடர்ந்து சுடும் ஏர்சாஃப்டுக்கு பிரிட்டனின் 2017 சட்டம் 1.3 ஜூல் வரை இடம் தருகிறது. அந்த அளவுக்கு உயர்த்த வலிமையான ஸ்பிரிங் போட்டால், எடையையும் சேர்த்து இழுக்கும் பற்சக்கரங்கள் மேல் சுமை கூடும். இந்தத் துப்பாக்கி அப்படிப்பட்ட மாற்றத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. 0.98 ஜூலானாலும் கண்ணில் பட்டால் பார்வை போகும். முழுக் கண்கவசம் இல்லாமல் களத்தில் கால் வைக்கக் கூடாது என்ற விதிக்கு எந்த வடிவமும் விலக்கல்ல.

பின்னுதைக்குக் கொடுக்கும் விலை உள்ளமைப்பில் தெரிகிறது. கட்டையின் நடுக்குழாயை எடை பிடித்துக்கொண்டதால் பேட்டரிக்கு அங்கே இடமில்லை. ஆகவே சாப்மாட் எம்4-இல் கட்டையின் இரு பக்கப் புடைப்புகளுக்குள் பொருந்தும்படி தனி வடிவில் ஒரு 8.4 வோல்ட் பேட்டரி செய்தார்கள். மின்சாரம் கட்டையிலிருந்து குழாயின் மேலுள்ள உலோகத் தொடுமுனைகள் வழியாக உள்ளே போகிறது. தோற்றத்தில் எந்தக் கம்பியும் வெளியே தெரியாத அழகான தீர்வு இது. ஆனால் கட்டையை முன்னும் பின்னும் நகர்த்தும்போதெல்லாம் தொடுமுனைகள் உரசுகின்றன. நாளடைவில் அழுக்கு படிந்தோ தகடு வளைந்தோ போனால் துப்பாக்கி விட்டுவிட்டு இயங்கும். சில வேளை ஆட்டத்தின் நடுவே நின்றும்விடும். ஒவ்வொரு குண்டுக்கும் வரும் அதிர்வு இந்தத் தொடர்பை மேலும் சோதிக்கிறது. பலவீனமான இடத்திலேயே குலுக்கலும் வந்து சேர்வது வடிவமைப்பின் குறைதான்.

பழுதுபார்ப்பிலும் இதே கதை. வழக்கமான மின்துப்பாக்கியின் கியர்பாக்ஸ் பாகங்களைத் தைவான், ஹாங்காங், சீன நிறுவனங்கள் பலவும் ஒரே அளவில் செய்து விற்கின்றன. பிஸ்டன் பல் உடைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும். மருயியின் பின்னுதை வரிசைக்கோ பிஸ்டனும் சிலிண்டரும் தனி. எடைக்கும் நிறுத்தத்துக்கும் உரிய பாகங்களும் தனி. நல்ல தொழிலாளியும் முதன்முறை பிரிக்கும்போது தடுமாறுவார். அதே வேளை, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, பரிந்துரைத்த பேட்டரியோடு ஓட்டினால் இது உறுதியானது என்பதையும் சொல்ல வேண்டும். உடையும் துப்பாக்கிகளில் பல, 11.1 வோல்ட் லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்புச் சுற்று இல்லாமல் செருகி டிரிகரின் தொடுமுனைகளைக் கருக்கியவை.

பின்னுதைக்கு வேறு வழியும் உண்டு. வாயுவால் இயங்கும் பின்னுதைத் துப்பாக்கிகளில் போல்ட் முழுவதும் பின்னால் பாய்கிறது. முட்டல் மிகக் கனமாக இருக்கும், கடைசிக் குண்டுக்குப் பின் போல்ட் திறந்தே நிற்கும். உணர்வை மட்டும் பார்த்தால் மின்துப்பாக்கி அதற்கு ஈடாகாது. ஆனால் அவற்றில் நெடுங்காலம் பயன்பட்டு வந்த ஹெச்எஃப்சி-134ஏ என்ற வாயுவின் அழுத்தம் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 5.7 பார், 0 டிகிரியில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். ஜப்பானின் குளிர்காலத்தில் வாயுத் துப்பாக்கி சோர்ந்து, சில குண்டுகளுக்குப் பிறகு போல்ட் பாதி வழியில் நின்றுவிடுவது இதனால்தான். மின்துப்பாக்கி குளிரிலும் வெயிலிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுடுகிறது. ஆண்டு முழுவதும் ஆடுபவருக்கு இந்த நம்பகம் பெரிது. தைவானின் போல்ட், கேடபிள்யூஏ போன்ற நிறுவனங்களும் மின் பின்னுதை வடிவங்களைச் செய்து, மருயியைவிடக் கடுமையான முட்டலைத் தர முயன்றன. முட்டல் கூடக் கூட பாகங்களின் தேய்மானமும் கூடும் என்ற கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

பயிற்சிக்குப் பின்னுதை வேண்டும் என்ற வாதத்துக்கு எதிராக ஒரு நல்ல சான்று ஜப்பானிலேயே இருக்கிறது. அந்நாட்டுத் தற்காப்புப் படையின் 89 வகைத் துப்பாக்கியை மருயி மின்சார ஏர்சாஃப்டாகச் செய்தது. கட்டடங்களுக்குள் நெருங்கி மோதும் பயிற்சிக்கு அது பயன்பட்டது. அதில் பின்னுதை அமைப்பு கிடையாது. அறைக்குள் எப்படி நுழைவது, மூலையை எப்படிக் கடப்பது, தோழரின் குறுக்கே குழலைக் கொண்டுபோகாமல் எப்படித் திரும்புவது என்பவற்றைப் பழக, எடையும் வடிவமும் கைவிசைகளின் இருப்பிடமும் அசலை ஒத்திருந்தால் போதும். தோளில் முட்டல் அதற்குத் தேவைப்படவில்லை.

போட்டி மனப்பான்மையுள்ள ஆட்டக்காரர்கள் பலர் இந்தத் துப்பாக்கியை வாங்கி, முதல் வேலையாக அந்த எடையைக் கழற்றிவிடுகிறார்கள். மோட்டாரின் சுமை குறைகிறது. டிரிகரை அழுத்தியதும் குண்டு விரைவில் புறப்படுகிறது. பேட்டரியும் அதிக நேரம் வருகிறது. விலையின் பெரும்பகுதி எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதையே எடுத்து வைத்துவிட்டு, மீதமுள்ள குழலின் துல்லியத்தையும் 82 குண்டு மேகசினையும் நிறுத்த அமைப்பையும் வைத்துக்கொள்ளும் இந்த வழக்கம், துப்பாக்கியின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. எடையால் வரும் இந்தத் தாமதத்தை மருயியும் உணர்ந்தே இருக்கிறது. பிற்காலத்தில் வந்த எம்பி5 வடிவத்தில் கியர்பாக்ஸைப் புதிதாக அமைத்து, பழைய தொடுமுனை டிரிகருக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டைப் பொருத்தியது. எடையைக் கழற்றாமலே விரைவாகச் சுட முடிவதால், இந்த வரிசைக்குப் புதிதாக வருபவர் சாப்மாட் எம்4-ஐத் தேடுவதைவிட அந்தப் பிந்தைய அமைப்புள்ள வடிவங்களில் ஒன்றை வாங்குவதே நல்லது.